மஞ்சள் பையில் வந்த மண்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. திண்டுக்கல்லில் எங்கள் மரம் வளர்ப்புத் திட்ட அலுவலக மாடிப்படியில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் ஏதோ ஒரு கல்யாண வீட்டின் பெயர் அச்சடித்த மஞ்சள் பை. பைக்குள் ஒரு கிலோ மண்.

கிழமையும் மணியும் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று கேட்காதீர்கள். நினைவில் இல்லை, எழுதி வைத்திருக்கிறேன். பணியில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதியவன் நான். புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். குழி எவ்வளவு ஆழம், ஜிப்சம் எத்தனை கிலோ, மரத்துக்கு மரம் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அந்த மஞ்சள் பை அதில் இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒன்றையுமே கவனிக்காமல் இருக்க ஒரு மனிதனால் முடியும் என்பதற்கு அந்தப் பைதான் சாட்சி. அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வந்தவர் பெயர் சின்னச்சாமி. தொப்பம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். நாற்பது வயதிருக்கும். ரோட்டோரமாக மூன்று ஏக்கர் நிலம். முந்தின வாரம் அவர் ஊரில் கூட்டம் போட்டு, மரம் வைக்க விரும்புகிறவர்கள் தங்கள் நிலத்தில் பத்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து ஒரு கிலோ கொண்டுவந்தால், பரிசோதித்து எந்த மரம் வரும் என்று சொல்கிறோம் என்று அறிவித்திருந்தேன். முறைப்படி நானே போய் எடுக்க வேண்டும். ஆனால் அந்த மாதம் எனக்குப் பதினான்கு ஊர்கள், ஒரே ஒரு மொபெட். ஆகவே மண்ணையே பஸ் ஏறி வரச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங் சார், நீங்க சொன்னாப்புடியே பத்து எடத்துல எடுத்துக் கலந்துட்டு வந்தனுங்க. மோந்து பாருங்க" என்றார்.

மோந்து பார்த்தேன். புதுமழை பெய்த தோட்டத்தின் வாசனை. சலித்து, கல் பொறுக்கி, மாவு மாதிரி இருந்தது. மேஜைமேல் கொட்டியபோது உள்ளிருந்து ஒரு மண்புழு நெளிந்து வெளியே வந்தது.

"நம்ம காட்டுல இது கெடந்து பொரளுதுங்க" என்றார் சின்னச்சாமி பெருமையாக. அவர்கள் பக்கம் நிலத்தைக் காடு என்பார்கள்.

அன்றைய நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'தொப்பம்பட்டிப் பக்கம், சின்னச்சாமி, மண் ஒரு கிலோ. மண்புழு ஒன்று, உயிருடன்.' உயிருடன் என்பதன் கீழே ஒரு கோடு வேறு. பதினைந்து நாளில் பரிசோதனை அறிக்கை வந்தது. உப்பும் இல்லை, காரமும் இல்லை, முதல்தரமான மண். மா வைக்கலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் நத்தத்திலிருந்து நாற்பது ஒட்டுமாங்கன்றுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். நிலத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். மூன்று நாள் மழை பெய்து முடிந்திருந்தது. நிலம் முழுக்கத் தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கி நின்றது. வரப்பிலிருந்து கால் வைத்தேன்; சோப்பு போட்ட குளியலறையில் கால் வைத்ததுபோல் வழுக்கி, முதுகு முழுக்கச் சேறாக எழுந்தேன்.

சின்னச்சாமி என்னைத் தூக்கிவிட்டுத் துண்டால் துடைத்தார். "சத்தான மண்ணுங்க. அதான் வழுக்குது."

களர் நிலத்தின் குணம் இப்போது உங்களுக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படுகிறது. வெயிலில் வெள்ளை பூக்கும். மழையில் சோப்புக் கரைசல் ஆகும். தண்ணீரை உள்ளே விடாது. காய்ந்தால் கடப்பாரை எகிறும். எனக்கும் அதெல்லாம் தெரியும். பரீட்சையில் எழுதி முதல் வகுப்பில் தேறியவன். ஆனால் என் சட்டைப்பையில் அறிக்கை இருந்தது. சட்டைப்பையில் இருக்கும் காகிதம் முதுகில் இருக்கும் சேற்றைவிட உண்மையானது என்று நான் நம்பிய வயது அது. நாற்பது கன்றுகளையும் நட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அன்றைய குறிப்பு: 'நடவு முடிந்தது. கீழே விழுந்தேன். காயமில்லை.'

அதன் பிறகு மற்ற ஊர்களில் மாட்டிக்கொண்டேன். சின்னச்சாமியிடமிருந்து மாதம் ஒரு அஞ்சலட்டை தவறாமல் வந்தது. கார்த்திகையில், 'மாஞ்செடிகள் அனைத்தும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.' தையில், 'செடிகள் மிக்க நலம்.' மாசியில், 'செடிகள் பரம சௌக்கியம்.' செடிகளின் உடல்நிலை மாதாமாதம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து மகிழ்ந்து, அட்டைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் கோத்தேன்.

பங்குனியில் எங்கள் திட்ட அலுவலர் என்னை அழைத்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வெளியூரிலிருந்து ஒரு பார்வையாளர் குழு வருகிறது, நல்ல தோட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும், எதைக் காட்டலாம்?

"சின்னச்சாமி தோட்டம் சார்" என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல். குழு வருகிற விவரத்தை அவருக்கும் சொல்லி அனுப்பினேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்கு நான் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். ரோட்டிலிருந்து பார்க்கும்போது கண் நிறைந்தது. நாற்பது மாமரங்கள் வரிசையாக, ஆள் இடுப்புயரத்துக்கு, பச்சைப்பசேல் என்று நின்றன. ஐந்தே மாதத்தில் இந்த வளர்ச்சி! ஆனால் மரங்களுக்குக் கீழே தரை மட்டும் விபூதி கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. ஏதோ சுண்ணாம்பு தெளித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கிட்டத்தில் போனேன். ஒரு மரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தலாம் என்று பிடித்தேன். கையோடு வந்துவிட்டது.

வேர் இல்லை. அடியில் அரிவாள் வெட்டு, பாலோடு, புதிதாக.

அடுத்ததைத் தொட்டேன், அதுவும் வந்தது. நாற்பதும் கிளைகள். நட்ட கன்றுகள் மார்கழியிலேயே நுனி கருகி, தையில் செத்து, மாசியில் அடுப்புக்குப் போயிருந்தன. நேற்றுச் சாயங்காலம் வேறொரு மரத்திலிருந்து வெட்டி வந்து செருகியிருக்கிறார்.

சின்னச்சாமி வரப்பில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி ராமாத்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?" என்றேன்.

"செத்த எடத்துல வேற வெச்சனுங்க" என்றார் சின்னச்சாமி.

"வேர் எங்கே?"

"அது இனிமேல்தானுங்க வரோணும்."

மணி பத்து. பதினொன்றுக்கு ஜீப் வந்துவிடும். இந்த இடத்தில் உங்களில் யாராக இருந்தாலும் நேர்மையாக நடந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இளநீர் வாங்க ஆள் அனுப்பினேன்.

பார்வையாளர் குழுக்களோடு சுற்றியதில் நான் கற்றிருந்த ஒரு பாடம், கையில் இளநீர் வைத்திருப்பவர் வரப்பில் இறங்கமாட்டார் என்பது. ரோட்டோரப் புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, ஆளுக்கு ஒரு இளநீர் கொடுத்து, முப்பது அடி தூரத்திலிருந்து பச்சையைக் காட்டி, அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவது என்று திட்டம். திட்டம் நன்றாகத்தான் நடந்தது. குழுவின் தலைவி, மண் ஆராய்ச்சியிலேயே தலை நரைத்த ஓர் அம்மா, இளநீரை உறிஞ்சிக்கொண்டே, "பரவாயில்லையே, நல்லா வந்திருக்கு" என்றார். திட்ட அலுவலர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஆடுகள் வந்தன.

பக்கத்து நிலத்திலிருந்து ஏழெட்டு வெள்ளாடுகள் வரப்பைத் தாண்டி, நேராக மாந்தழைக்குப் போயின. முதல் ஆடு ஒரு தழையைக் கடித்து இழுத்தது. மரம் முழுதாகத் தரையிலிருந்து வெளியே வந்தது. ஆட்டுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் நின்றது. பிறகு மரத்தை வாயில் கவ்விக்கொண்டு, எங்கள் முன்னால் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போனது. இரண்டாவது ஆடு இன்னொரு மரத்தோடு பின்தொடர்ந்தது.

 புளியமரத்தடியில் உறிஞ்சுகுழல் சத்தம் நின்றுவிட்டது.

"ஏய்யா" என்றார் எங்கள் திட்ட அலுவலர், திண்டுக்கல்காரர், மெதுவாக. "மரம் நடந்து போகுதேய்யா."

ஆடுகளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் குச்சியோடு ஓடி வந்தார். ரோட்டில் கிடந்த கிளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கூட்டு மாமரத்துக் கெளையல்லவா! நேத்துப் பொழுதோட மரம் மொட்டையா நிக்குது, கொரங்கு வந்துருச்சாட்ட இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறேன்!"

அவர் பெரியசாமி. சின்னச்சாமியின் அண்ணன். பக்கத்து நிலமும் ஆடுகளும் மாமரமும் அவருடையவை. சின்னச்சாமி வரப்பில் நின்று ஆகாயத்தில் எதையோ தேடினார்.

அந்த அம்மா இளநீரைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இறங்கினார். குனிந்து ஒரு சிட்டிகை வெள்ளையை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். "அப்பட்டமான களர். இங்க யாரு மா வைக்கச் சொன்னது?"

"பரிசோதனை அறிக்கையின்படி..." என்று ஆரம்பித்தேன். அன்று நான் சொன்ன வாக்கியங்களில் இதைத்தான் திரும்பப் பெற ஆசைப்படுகிறேன்.

"எந்த மண்ணுக்கு அறிக்கை?" என்றார்.

இதற்கு ராமாத்தாள் பதில் சொன்னாள். அடக்கி வைத்த சிரிப்பு அதற்குமேல் தாங்கவில்லை. பெரியசாமியைக் கைகாட்டினாள். "அது மாமாவோட தோட்டத்து மண்ணுங்க. வேலியோரமா உக்காந்து இவிய ராவா பகலா சலிச்சாங்க. நாங்கேட்டதுக்கு, பரிச்சைக்குப் போறப்ப நல்ல சட்டை போட்டுட்டுப் போறதில்லையான்னாங்க."

கதை முழுவதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். பிரிக்கிறவன் ஏமாற்றாமல் இருக்க இதைவிட நல்ல சட்டம் எந்த நாட்டுச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் பெரியசாமி சொத்தைப் பிரித்தபோது, ரோட்டோரக் களரை ஒரு பங்காகவும் உள்ளே இருந்த நல்ல நிலத்தை இன்னொரு பங்காகவும் வைத்தார். களர்ப் பங்கோடு கிணற்றையும் வீட்டின் பெரிய பாதியையும் சேர்த்துச் சமன் செய்தார். தம்பி நல்ல நிலத்தை எடுப்பான், களரோடு நாம் மல்லுக்கட்டலாம் என்பது அவர் கணக்கு. அதைத் தம்பியிடம் சொல்லியும் இருக்கிறார். சின்னச்சாமிக்கு அதுதான் சந்தேகம். வேண்டாம் என்று அண்ணன் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று, ஊர் பார்க்க, "எனக்கு ரோட்டோரந்தான் வேணும். மண்ணு என்ன மண்ணு, ரெண்டு வருசத்துல மாத்திக் காட்டறேன்" என்று எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் களர் என்ற சொல் வந்ததில்லை. அண்ணனோடு பேச்சும் இல்லை.

அந்த அம்மா நல்லவர். கோபப்படாமல் திட்டத்தைச் சொன்னார். இந்த நிலத்தைப் போன்றவற்றுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. கெட்டித் தரையை உடைத்துக் குழி எடுத்து, ஜிப்சமும் தொழுவுரமும் வண்டலும் இட்டு, உப்பைத் தாங்கும் மரங்களை நடலாம்: புங்கம், வேம்பு, கருவேல், நீர்மருது. சில வருடங்களில் இலை விழுந்து, வேர் இறங்கி, மண் வாய் திறக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் வெளியேற வடிகால் வேண்டும். வடிகால் ஓடைக்குப் போக ஒரே வழி, பெரியசாமி நிலத்தின் ஓரம். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட படிவம் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் திண்டுக்கல் அலுவலகத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் இந்த ஊர் பட்டியலில் இருந்து போய்விடும்; அடுத்த திட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜீப்பில் ஏறும்போது திட்ட அலுவலர் என் காதருகே சொன்னார்: "திங்கக்கிழமை அந்தத் தாளோட வா. இல்லாட்டி நீயும் ஒரு மரத்தக் கவ்விக்கிட்டு அப்படியே போயிரு, அப்பு."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த ஊரில் இருந்தேன். அண்ணன் தம்பி வீடுகள் ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறு வயசு" சொல்லலாம். ஆனாலும் பேச்சு என் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

"அவன வந்து கேக்கச் சொல்லுங்க. நாங் குடுக்கமாட்டேங்கலையே" என்பார் பெரியசாமி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கி, அடுத்த வாசலில் ஏறி, செருப்பைக் கழற்றி உள்ளே போவேன். அதுவரை சுவரில் காது வைத்திருந்த சின்னச்சாமி கயிற்றுக் கட்டிலுக்குத் திரும்பி, எதுவும் தெரியாத முகத்தோடு, "என்னங்க சொன்னாரு?" என்பார்.

"நீங்கள் வந்து கேட்கணுமாம்."

"நானெதுக்குங்க கேக்கோணும்? என் காட்டுக்கு என்ன கொறை? வழிதான வேணும்."

மறுபடி செருப்பு. மறுபடி அடுத்த வாசல்.

"கொறை இல்லாத காட்டுக்கு வடிகாலு எதுக்குங்க?" என்பார் பெரியசாமி, என்னிடம் சொல்வதுபோல் சுவரைப் பார்த்து. "பதனாலு வருசத்துக்கு முன்னால, வேண்டாண்டா தம்பி, அது களருன்னு கெஞ்சுனேன். நடிக்கறயான்னு கேட்டான், ஊரு முன்னால. இப்ப ஒரே ஒரு வார்த்தை. களருதான்னு அவன் வாயில வரட்டும். வடிகாலென்ன, வாய்க்காலே வெட்டிக்கட்டும்."

எனக்குச் சரித்திரப் புத்தகங்களில் போர்களைவிட உடன்படிக்கைகள்தான் பிடிக்கும். யாருக்கும் முகம் கெடாமல் ஒரு வாக்கியத்தை அமைக்கும் வித்தை அது. சனிக்கிழமை முழுவதும் வாக்கியங்கள் எழுதினேன். 'சற்றுக் கடினமான தன்மையுள்ள நிலம்.' பெரியசாமி ஏற்கவில்லை. 'உப்புச் சாயல் கொண்ட நிலம்.' சின்னச்சாமி ஏற்கவில்லை. 'எதிர்பார்த்ததைவிடக் குறைவாக விளையும் நிலம்.' இதற்கு இருவருமே ஒரே சமயத்தில், சுவருக்கு இரண்டு பக்கமும், "ம்ஹூம்" என்றார்கள். படிவத்தின் தலைப்பிலேயே 'களர் நிலச் சீரமைப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது வேறு பெரிய தொல்லை. சின்னச்சாமி அதை வாசிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார்.

ஞாயிறு மத்தியானம் செருப்பு வார் அறுந்துவிட்டது. சின்னச்சாமி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ராமாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏனுங் சார், இன்னுமா சோசியம் எழுதறீங்க?"

"என்னம்மா செய்றது? ரெண்டு பேரும் இறங்கி வரமாட்டேன்கிறாங்களே."

"எறங்கோணும்னா எங்காச்சும் காலு வெக்க எடம் வேணுமல்லங்க?" என்றாள். "தப்பைத் தூக்கிட்டே பதனாலு வருசமா நிக்கறாங்க. எடுத்தவன் தப்பா, பிரிச்சவன் தப்பான்னு. எறக்கி வெக்க மூணாவதா ஒரு எடம் இருந்தா எப்பவோ எறக்கிப் போட்டுருப்பாங்க."

சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான் அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக இரண்டு பேரிடம் தப்பை ஒப்புக்கொள்ளச் சொல்லி அலைந்துகொண்டிருக்கிறேன். மண்ணை நேரில் போய் எடுக்காதவன் யார்? மண்புழுவைப் பார்த்தவன் யார்? சேற்றில் விழுந்து எழுந்தும் மாவை நட்டவன் யார்? அந்த அம்மா நேருக்கு நேர் கேட்டபோது, அறிக்கையின்படி என்று காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்தவன் யார்? என்னிடம் ஒரு தப்பு முழுதாக இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை என்பதால் நானும் கொடுக்கவில்லை.

படிவத்தில் 'முந்தைய நடவு தோல்வியுற்றதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் 'வறட்சி' என்று எழுதுவோம்; எந்த ஆண்டும் யாரும் மறுத்ததில்லை. நான் எழுதினேன்: 'களப்பணியாளர் விதிப்படி நிலத்துக்கு நேரில் சென்று மண் மாதிரி எடுக்கவில்லை. நிலத்தைப் பார்த்த பிறகும் தவறான மரத்தை நட்டார். பிழை அவருடையது.' கீழே என் பெயர், பதவி, தேதி, நேரம்.

அதைச் சின்னச்சாமியிடம் கொடுத்தேன். உதட்டை அசைத்து வாசித்தார். மறுபடி வாசித்தார். முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

"ஏனுங் சார், அப்ப தப்பு உங்க மேலதானுங்களா?"

"ஆமாங்க."

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வழியாக இறங்கி, அடுத்த வாசலில் ஏறினார், பதினான்கு வருடத்தில் முதல் முறையாக. நான் வெறுங்காலோடு பின்னால் ஓடினேன்.

"அண்ணா" என்றார் உள்ளே போய். "இந்த ஆபீசர் பண்ணுன கோளாறுல காடு வெள்ளையாக் கெடக்குது. தண்ணி வெளிய போக உன் ஓரத்துல வழி வேணுமாமா."

பெரியசாமி தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். அந்த நிலம் எத்தனை காலமாக வெள்ளை என்பது அவருக்குத் தெரியாதா? தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கே கேட்டுவிடுவாரோ என்று நான் தரையைப் பார்த்தேன்.

"அடப் பாவி" என்றார், என்னிடம். "ஒரு காட்டைப் போயிப் பாக்காம மாஞ்செடி நட்டயா? எந்தப் பள்ளிக்கூடத்துலீங்க படிச்சீங்க?"

"அதானுங்ணா! மழையில வழுக்கி உழுந்தாரு. அப்பக்கூட இவருக்குத் தெரியலை" என்றார் சின்னச்சாமி.

"வழுக்குனா என்னன்னு கேக்கமாட்டியா? ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பாக்கமாட்டியா? எங்க ஆடு பாத்துருச்சே! ஆட்டுக்கு இருக்கற அறிவு..."

"லட்டர் போட்டனுங்ணா மாசா மாசம். ஒரு மொறை வந்து எட்டிப் பாத்தாரா?"

"சம்பளம் வாங்கறாரல்ல?"

ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். என் மொபெட், என் படிப்பு, என் செருப்பு வரை போனார்கள். நடுவில் ராமாத்தாள் மூன்று டம்ளர் காப்பியோடு வந்தாள்; முதல் டம்ளரை மாமாவுக்கும் இரண்டாவதைக் கணவருக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை என்னிடம் நீட்டும்போது கண்ணைச் சிமிட்டினாள். கடைசியில் பெரியசாமி கையெழுத்துப் போட்டார். சின்னச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து போட்டார், கட்டைவிரலைத் தலைப்பின்மேல் வைத்துக்கொண்டே.

திங்கள் மாலை நாலே முக்காலுக்குத் தாள் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை என்னைக் கண்டித்து ஒரு மெமோ வந்தது. அதையும் கோப்பில் கோத்து வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி அரசாங்க மொழியில் எழுதப்பட்டவற்றில் தப்பே இல்லாத தாள் அது ஒன்றுதான்.

சித்திரையில் வடிகால் வெட்டினார்கள். அந்த ஐப்பசியில் புங்கமும் வேம்பும் நீர்மருதும் நட்டோம். இந்த முறை ஒவ்வொரு குழியின் மண்ணையும் நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் சாப்பாட்டில் உப்புப் போடத் தேவைப்படவில்லை. சில செத்தன, பல பிழைத்தன. மூன்றாம் ஆண்டில் நிழல் விழுந்தது. நிழலில் அருகம்புல் வந்தது.

நான் சொல்லவந்தது நேரில் போய் மண்ணெடுங்கள் என்பது மட்டுமென்றால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அது கையேட்டிலும் இருக்கிறது. களரிலிருந்து உப்பு வெளியேற வடிகால் வேண்டும். மனிதர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது. சில சமயம் அது நம் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், புதியவர்களுக்கான சுற்றுலாவில் உங்களில் சிலரை அந்த ஊருக்குக் கூட்டிப்போனேன். நினைவிருக்கும். சின்னச்சாமி புங்க மரத்தடியில் நின்று உங்களுக்கு விளக்கினார். "மொதல்ல ஒரு ஆபீசர் வந்து காட்டையே கெடுத்துப் போட்டாருங்க. பொறகு நாங்க அண்ணன் தம்பி சேந்து சரி பண்ணுனோம்" என்றார். பெரியசாமி பக்கத்தில் நின்று, "தம்பி எடுத்த பங்கு எப்பவும் சோடை போகாதுங்க" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

திரும்பும்போது வேனில் உங்களில் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "அந்த ஆபீசர் இப்ப எங்க சார் இருக்காரு? வேலையில இருக்காரா, தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார். வண்டிச் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

வேலையில்தான் இருந்தார், தம்பி. உங்கள் பக்கத்து இருக்கையில், உங்கள் வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தார்.